ஆறு மாத மாத்திரை

சித்ரலேகாவும் நானும் திருநெல்வேலி தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் பிரிவில், அடுத்தடுத்த நாற்காலியில் ஏழு வருஷம் வேலை பார்த்தோம். அவளுக்கு மெல்லிய குரல். ஆனால் எவ்வளவு இரைச்சலான லைனிலும் ஒரு சொல் தேயாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். பம்பாய்க்குத் தினமும் பதிவு செய்யும் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர், நான் எடுத்தால், “அந்தச் சின்னக் குரல் அம்மாட்ட குடுங்க தாயி” என்பார்.

மாதத்தில் நாலைந்து நாள் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, “லைன்ல இருங்க” என்பாள். பதினைந்து வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனதும், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை.

தொண்ணூற்று நாலில் மதுரையில் தொப்புளருகே துளைபோட்டுக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே, சினைப்பையிலும் குடலோரத்திலும் ஒட்டி வளர்ந்திருந்தது. மாதாமாதம் அதுவும் ரத்தம் கசிகிறது. வெளியே போக வழியில்லை. பதினாறு வருஷம் ‘எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்’ என்று சொல்லப்பட்ட வலிக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது.

அந்தப் பெயர் எழுதிய காகிதத்தோடு பாளையங்கோட்டையில் டாக்டர் சாரம்மாளைப் பார்க்கப் போனோம். சித்ரலேகாவின் கணவர் கார்த்திகேசன், பேட்டையில் கணக்கு வாத்தியார், அவரும் வந்தார்.

“புத்துநோய் இல்லம்மா, பயப்படாதே. ஆனா வேரோட எடுத்துப்போட எங்கிட்ட மருந்து இல்ல. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்” என்றார் டாக்டர். கருத்தடை மாத்திரையை அவள் முன்பே தின்று பார்த்திருந்தாள், பலன் இல்லை. மீதி மூன்று வழி. தினமும் சாப்பிடும் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஆறு மாதம். மாதம் ஒரு ஊசி; அது மாதவிடாயையே நிறுத்தி ஐம்பது வயசுக்காரி உடம்பாக்கிவிடும், எலும்பு தேயும். இல்லையென்றால் கர்ப்பப்பையை எடுப்பது.

“மாத்திரையில என்ன கெடுதல் டாக்டர்?”

“அது ஆம்பளை ஹார்மோன் மாதிரி. உடம்பு போடும், முகத்துல பரு, முடி வரும். சிலருக்குக் குரல் கட்டைப்படும்.”

“நிறுத்தினா திரும்பிருமா?”

“குரல் மட்டும் திரும்பும்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல.”

வெளியே பேருந்துக்கு நிற்கும்போது, “நீங்க என்ன சொல்லுதீங்க?” என்று கணவரைக் கேட்டாள்.

“ஊசி விலை நமக்குக் கட்டாது. ஆப்பரேஷன் பேச்சே வேண்டாம். மாத்திரை ஆறு மாசந்தானே? அதுக்கப்புறம் பிள்ளைக்குப் பாக்கலாம்லா” என்றார். மறுநாள் அவள் மாத்திரையைத் தொடங்கிவிட்டாள்.

இரண்டாம் மாதம் மாதவிடாய் நின்றது. வலியும் நின்றது. அந்த மாதம் ஆபீஸில் நாங்கள் எல்லோரும் மணிமுத்தாறு போனோம். அருவியில் நின்றபடி, “யக்கா, வலி இல்லாம இருக்கது இப்படித்தானா?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஐந்தாம் மாதம் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்து உப்புநீரில் கொப்பளித்தாள். மூன்று வாரம் அப்படியே போனது. ஒருநாள் அந்த உடன்குடிக்காரர் அவள் லைனில் வந்து, “சார், அந்தச் சின்னக் குரல் அம்மா லீவா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி, லீவுதான்” என்றாள். பம்பாய் லைனைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

“தொண்டை கட்டுனவுடனே வந்திருக்கக் கூடாதா?” என்று டாக்டர் வருத்தப்பட்டு மாத்திரையை நிறுத்தினார். பருவும் பருமனும் பைய இறங்கின. குரல் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஏழு மாதத்தில் வலி திரும்பிவந்தது. பிள்ளை தரிக்கவில்லை. பேச வேண்டாத பில் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம், கட்டாது என்ற ஊசியையும் போட்டுக்கொண்டாள். மூன்று ஊசி. மார்கழிக் குளிரில் வியர்வை வழிய உட்கார்ந்திருப்பாள். “உள்ள அடுப்பு எரியுதுக்கா. ராத்திரி முட்டியெல்லாம் வலிக்கி.” வலி பாதி குறைந்தது, தூக்கம் முழுதும் போயிற்று. நாலாவது ஊசிக்குப் போகவில்லை.

தொண்ணூற்று எட்டில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதென்று அவளே முடிவு செய்தாள். ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்துக் கேட்டார்கள். கார்த்திகேசன் மாட்டேன் என்றார்.

“முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பெத்தவங்க இல்லையாட்டி?”

“இருக்காங்க. அவங்க இப்ப என்னைய மாதிரி மாசம் பத்து நாள் தரையில கிடந்து உருளல.”

அவர் வராந்தாவில் போய் நின்று அழுதார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதற்குப் பிறகு அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை; வேறு எதுவும் அதிகமாகப் பேசியதுமில்லை.

வயசைப் பார்த்து ஒரு சினைப்பையை டாக்டர் விட்டுவைத்தார். இரண்டையும் எடுத்தால் எலும்பு தாங்காது, ஒன்றை விட்டால் வலி மறுபடி வந்தாலும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். விட்டுவைக்கச் சொன்னவள் சித்ரலேகாதான்.

பத்து மாதம் நன்றாக இருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் என்னோடு நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று இடது அடிவயிற்றைப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அதானா?” என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாள். அங்கேயே நடைபாதைக் குறட்டில் உட்கார்ந்தாள். இரண்டு பேருந்து வந்து போயின. டாக்டரிடம் போகலாம் என்றேன். “போயி?” என்றாள்.

மூன்றாவது பேருந்தில் ஏறி இரண்டு பேரும் வேலைக்குப் போனோம்.