மேல்கட்டையில் செய்த மணை

என் அக்காள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நாங்கள் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்குப் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை. மணப்பெண் உட்காரும் மணைப்பலகையைத் தாய்மாமன் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கென்று இருந்தது அந்த ஓர் உரிமைதான். தகப்பன் இறந்தபின் அவளை வளர்த்தவர் அவளுடைய சித்தப்பா. எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கேட்பாள். எனக்கு வயிறு எரியும்.

அவள் தகப்பன் பால் வெட்டிய நிரையில் கிழட்டு மரங்களை அப்போது சாய்த்தார்கள். அதில் ஒரு மரத்தில் மணை வேண்டும் என்றாள். ரப்பர் மரம் விறகுக்குத்தான் ஆகும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும், தானும் ஒரு பலகை செய்வதாகச் சொன்னார்.

நான் முந்திக்கொண்டேன். அடிக்கட்டை முழுக்கக் கத்தித் தழும்பும் முண்டும். அத்தனை வருஷம் பால் கொடுத்த கட்டையில் சத்து ஏது? கத்தி படாத மேல்கட்டைதான் உறுதி என்று பால் வெட்டுகிறவர்கள் நாங்கள் நம்பியிருந்தோம். கிளை பிரிவதற்குக் கீழே, மரம் வளைந்து சாய்ந்திருந்த துண்டை எடுத்துக்கொண்டேன். அடிக்கட்டை அவருக்கு.

சீனர் ஒருவரின் கொட்டகையில் அறுத்தபோது என் துண்டு பஞ்சு பஞ்சாகப் பிசிர் விட்டது. ஆனால் இழைத்ததும் வெண்ணெய் நிறம். அவருடையது சொறி பிடித்ததுபோல் இருந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

காயக் காய என் பலகை முறுக்கிக்கொண்டது. கல் ஏற்றினேன், கல்லை எடுத்ததும் மறுபடி முறுக்கியது. வளைந்த மரம் விழாமல் நிற்க ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வளரும், அறுத்த பிறகும் அந்த இழுப்பு விடாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவருடைய பலகை தரையோடு படிந்து கிடந்தது.

முகூர்த்தத்தன்று தோட்டத்துக் கோவிலில் என் பலகையை வைத்தேன். ஆடியது. அவருடையது சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துப் போடு என்று யாராவது சொன்னால் என் உரிமை போயிற்று.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். "என்னண்ணே, பொண்ண மணையில உக்கார வைக்கிறீங்களா, சம்பான் படகுல ஏத்துறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை மடித்து, தூக்கியிருந்த மூலைக்கடியில் செருகினார். "மச்சான் பலகைதான் போடணும். உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ஆடவில்லை. தாலி ஏறும்வரை நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் பலகையைப் போட்டிருந்தால் அவரைக் காலமெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கும் அந்த மனிதர் இடம் வைக்கவில்லை.