குளத்து மீன் சமைத்த செபமாலை மச்சாள்

போன செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அண்ணனின் மூத்த மகன் தலைமன்னாருக்கு வந்து இறங்கினான். வாசலில் நின்றபடியே, "அம்மா போயிட்டா" என்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்கிவைக்க எனக்குத் தோன்றவில்லை. என் அண்ணனின் மனைவி செபமாலை மச்சாள் காலமானார். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மச்சாள் கட்டுக்கரைக் குளத்தடியில் பிறந்தவர். வங்காலைக்கு மணமகளாக வந்தபோது, பெட்டகத்தோடும் மாதா படத்தோடும் ஒரு தூண்டில் தடியும் வண்டியில் வந்திறங்கியது. எங்களுடையது கடலில் வலை போடுகிற குடும்பம். பொம்பிளை தூண்டில் பிடிப்பதா என்று ஊர் சிரித்தது. "நீங்கள் வலையை விரிச்சுப்போட்டு வாறதைப் பிடிக்கிறியள். நான் இன்ன மீன் வேணுமெண்டு கேட்டுப் பிடிக்கிறனான்" என்றார் மச்சாள்.

கடற்கரைக்காரருக்குக் குளத்து மீன் என்றால் இளக்காரம். சேற்று மணம் என்பார்கள். மச்சாள் தாய்வீடு போய்ப் பிடித்துவரும் மீனை எங்கள் அம்மா குசினிக்குள் விடுவதில்லை. அதற்கென்று தனிச் சட்டி, முருங்கைக்குக் கீழே தனி அடுப்பு. மச்சாள் அங்கே குந்தியிருந்து, மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளியில் கழுவி, மிளகு தூக்கலாகக் குழம்பு வைப்பார். மணத்துக்கு அயல்வீட்டார் வேலியில் வந்து நிற்பார்கள். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்குத் தலைமன்னாரில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். அதற்கு முன் வந்த இடங்கள் தட்டிப்போனதால் வீட்டில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையை நான் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. அவருக்குத் துறைமுகக் கந்தோரில் லீவு கிடைத்ததோ ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி ஆகாது, மீன்தான் சமைக்க வேண்டும். அந்த வாரம் பார்த்துக் கடல் குமுறியது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கருவாடு போடுவதா என்று அம்மா அழுதார். "அழாதேங்கோ மாமி, நான் போயிட்டு வாறன்" என்று மச்சாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மழைக்குள் குளத்துக்குப் போனார். முசுறு எறும்பின் முட்டையை இரையாக வைத்து, மூடு கூடை நிறையப் பனையேறி மீன் பிடித்துவந்தார்.

மறுநாள் காலை அண்ணன், மீனுக்குக் காற்றுப்படட்டும் என்று மூடியைத் திறந்து, கூடையைக் கிணற்றடியில் சரித்துவைத்தார். கடல் மீன் போட்ட இடத்தில் கிடக்கும். பனையேறி செவுளை ஊன்றி நடக்கும் என்று கடலோடிக்கு யார் சொன்னது? தூறல் வேறு. மாப்பிள்ளை வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றபோது எங்கள் சமையல் முற்றமெல்லாம் நடந்து திரிந்தது. நானும் அம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் துரத்திக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளையின் தாயார் வண்டியிலிருந்தபடியே கேட்டார்: "கடற்கரையில இருந்துகொண்டு எங்களுக்குக் குளத்து மீனோ? திருப்பு வண்டியை!"

மச்சாள் இரண்டு கையிலும் மீனோடு போய் மாட்டுக்கு முன்னால் நின்றார்.

"இறங்குங்கோ அம்மா. கடல் தராத நாளிலையும் இந்த வீட்டில விருந்தாளிக்கு வெறுஞ்சோறு போடமாட்டம். பெண் எடுக்கிற இடத்தில வேறென்ன பாக்கப் போறியள்?"

அந்த அம்மா பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை மறுபக்கத்தால் குதித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் காலடியில் ஓடிய ஒன்றைப் பிடித்து நீட்டினார். முள் கிழித்துக் கையில் இரத்தம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தாயார் மெல்ல இறங்கினார். சாப்பிட்டார். இரண்டாந்தரமும் குழம்பு கேட்டார். அன்று அந்த மீன் குசினி அடுப்பில்தான் வெந்தது. முருங்கையடி அடுப்பை அதற்குப் பிறகு அம்மா மூட்டவிடவில்லை. அண்ணனைத்தான் ஊரார் விடவில்லை. "என்ன, இண்டைக்கு மீன் மேய்க்கப் போகேல்லையோ?" என்று நெடுநாள் கேட்டார்கள்.

மச்சாள் யாருக்கும் குனிந்து பேசியவரல்ல. குளக்கட்டில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையை நிறுத்திக் கேட்டாராம். மச்சாள் தூண்டில் மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "துரையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, மீன் வெருளுது" என்று பக்கத்தில் நின்ற பியோனிடம் சொன்னார். துரை தள்ளித்தான் நின்றார்.

செவ்வாய் பின்னேரமே அடக்கம். என் மாமியாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் எங்களோடு வங்காலைக்கு வந்தார். பெட்டியின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பிள்ளை செபமாலை, என்ரை மோனுக்கு நான் பெண் எடுத்தது இவளைப் பாத்து இல்லை. உன்னைப் பாத்து."

இவள் என்றது பக்கத்தில் நின்ற என்னை. எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் வாழ்கிற வாழ்வு மச்சாள் அன்று வாசலில் நின்று வாங்கித் தந்தது.

என் கணவரும் அண்ணனின் பிள்ளைகளும் பெட்டியைத் தூக்கினார்கள். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு சேமக்காலைக் குழியடிவரை நடந்தார். நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று சுவாமியார் செபித்தார். சும்மா இருந்து இளைப்பாற உங்களுக்கு வராதே, மச்சாள். போய் வாருங்கள்.