சூடம் அணைத்த கை

மதியத் தூக்கத்தில் வலது கை தலைக்கடியில் சிக்கி மரத்துப்போயிற்று. இழுத்து மடியில் போட்டால் வேறு யாருடைய கையோபோல் கிடந்தது. நரம்பு அழுந்தினால் இப்படித்தான், சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

எழுபதுகளில் இடுக்கித் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. குடித்துவிட்டு அம்மாவை அடிப்பது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒருமுறை அம்மாவின் பல் உடைந்ததும், அக்கம்பக்கத்தார் அப்பாவைக் காளியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனார்கள். எரியும் சூடத்தை வலது உள்ளங்கையால் அணைத்து, இனி அடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறே, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கியவர், அம்மா சட்டியைத் தவறவிட்ட சத்தத்தில் துள்ளி எழுந்தார். அடிக்கப் பாய்ந்தார். கை எழவில்லை, தோளிலிருந்து தொங்கியது.

"எங் கைய என்னடி செஞ்ச?" என்று அலறினார்.

"நானா செஞ்சேன்? சூடம் அணைச்ச கைதான அது! ஆத்தா புடிச்சுக்கிட்டா" என்ற அம்மா, விறகுக் கட்டையை எடுத்து அந்தக் கையிலேயே ஓங்கிப் போட்டாள். வலிக்கவில்லை என்பதுதான் அவரை நடுங்க வைத்தது. கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்பியதும், ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று தேம்பி அழுதார்.

அதன்பிறகு அப்பா வலது கையை ஓங்கியதே இல்லை. இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார்.

என் விரல்கள் இப்போது அசைகின்றன. பக்கத்தில் படுத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எழுந்து அவளுடைய இடப்பக்கம் போய்க் கூப்பிட்டேன். வலது காது அவளுக்கு அப்போதே போய்விட்டது.