இன்ஜின் ஓடுகிற எழுத்து

ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் எத்திராஜைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் நேற்றுத்தான் ரயிலிறங்கியவராக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தனியார் பஸ்ஸில் கிளீனராக ஏறி, கண்டக்டராகி, முப்பத்தாறு வருஷம் விசில் ஊதியவர். தெலுங்கு எழுத்தை எந்த வாத்தியாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து அவராகவே பிடித்தது.

"கலெக்டரு புஸ்தகத்துல படிச்சாரு, நான் போர்டுல படிச்சேன். வித்தியாசம் அவ்ளோதான்" என்பார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயதானபோது ஊருக்கு அரசாங்கத்தின் முதியோர் எழுத்தறிவு மையம் வந்தது. சம்பளமில்லாத அந்த வாத்தியார் வேலையை எத்திராஜ் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் பதினான்கு பெண்கள், விசைத்தறிக்கு நூல் சுற்றுகிறவர்கள். வீட்டில் பேசுவது தமிழ். பலகையும் பத்திரமும் ஆபீசும் தெலுங்கு. மதியம் மூன்று மணிக்கு வகுப்பு.

முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இன்னாத்தப் படிக்கணும்னு வந்தீங்க, அதச் சொல்லுங்க" என்றார்.

செங்கம்மா எழுந்தாள். "அண்ணா, திருப்பதி ஸ்டாண்டுல புத்தூர் பஸ்ஸுன்னு நெனச்சி ஏறி பூதலப்பட்டுல போய் எறங்கினேன். ரெண்டுக்கும் மொத எழுத்து ஒரே மாதிரி இருக்குமாமே? இங்க நம்ம ஊர்ல பொண்ணு புள்ள பெத்துக்கினு இருக்குது, நான் இன்னொரு ஊருல முழிச்சிக்கினு நிக்கிறேன்."

அன்றிலிருந்து பாடம் பஸ் போர்டில் தொடங்கியது. மாத்திரை அட்டை, ரேஷன் சீட்டு, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீஸ் என்று அவரவருக்கு வேண்டியதெல்லாம் பாடமானது. மூன்றே மாதத்தில் செங்கம்மா ரேணிகுண்டா என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அப்போதுதான் மண்டலத்திலிருந்து ஸ்ரீதேவி மேடம் மேற்பார்வைக்கு வந்தார். அரசாங்கப் புத்தகம் புது மெருகு குலையாமல் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்குல இன்னா சொல்வீங்க? அத எழுதுங்க" என்றார்.

பள்ளிக்கூடம் தெலுங்கில் 'படி'. பஸ் என்று சொல்லும்போது வருகிற ப அது. தமிழில் அதற்கும் புத்தூருக்கும் ஒரே எழுத்து. தெலுங்கில் வேறு வேறு. பதினான்கு பேரும் புத்தூர் ப-வைப் போட்டார்கள். அப்படிப் போட்டால் 'விழுந்து' என்று அர்த்தம்.

"பதினாலு பேரும் சேந்து ஸ்கூலக் கீழத் தள்ளிட்டீங்களே! எத்திராஜ் காரு, இன்னும் மூணு வாரத்துல பரீட்சை. பாதிப் பேராவது பாஸ் ஆகணும். இல்லன்னா சென்டரை வேற ஊருக்கு மாத்திருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. புக்ல இருக்கறத வரிசையா முடிங்க."

எத்திராஜுக்குக் காது சிவந்துவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பயணியும் அவரைத் தப்பு சொன்னதில்லை. மறுநாளே புத்தகத்தை எடுத்தார். பசுவுக்கு ஆவு, வீட்டுக்கு இல்லு, ஈக்கு ஈக, அப்புறம் உடுதா.

"உடுதான்னா அணிலு. அது முதுகுல எத்தினி கோடுன்னு எனக்குத் தெரியும்ணா. அது வந்து என்னப் பொண்ணு வூட்டுல எறக்கி வுடுமா?" என்றாள் செங்கம்மா.

ஒரே வாரத்தில் பதினான்கு பேர் ஐந்து பேரானார்கள்.

எத்திராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். பரீட்சை வந்தால் மையம் போகும். புத்தகம் வந்தால் பெண்கள் போவார்கள். யோசித்துக்கொண்டே புத்தூர் ஸ்டாண்டில் போய் நின்றார். ஒரு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பழைய பழக்கத்தில் அதன் மேல் கை வைத்தார். தகரம் அதிர்ந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார், அதிர்வு நின்றது. எத்திராஜ் அங்கேயே தன் தொண்டையில் கை வைத்து, "பஸ்... புத்தூரு... பஸ்... புத்தூரு" என்றார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

வராமல் நின்ற ஒன்பது பேர் வீட்டுக்கும் அவரே நடந்தார். "நாளைக்கு ஒரே ஒரு நாள் வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

மறுநாள் எல்லாரையும் தொண்டையில் கை வைக்கச் சொன்னார். "பஸ்ஸுன்னு சொல்லு. ஒதடு பிரியறதுக்கு முன்னாடியே தொண்டை அதிருதா?"

"ஐயே, ஆமாண்ணா!"

"அதே மாதிரி புத்தூருன்னு சொல்லு."

"கம்முனு கீதே!"

"அதாம்மா. அதிர்ந்தா இன்ஜின் ஓடுற எழுத்து, அதிரலன்னா நின்ன எழுத்து. இனி புக்குல ஒரு வார்த்தை, போர்டுல ஒரு வார்த்தை. ரெண்டுக்கும் இன்ஜினப் பாத்துட்டு எழுதுங்க."

பரீட்சை அன்று சொல்வதை எழுதும் பகுதி வந்ததும் பதினான்கு கைகளும் தொண்டைக்குப் போயின. வெளியூரிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர் பதறிவிட்டார். "ஏமம்மா, எல்லாருக்கும் ஒரே நாள்ல தொண்டை வலியா?"

"இல்ல சார், வண்டி ஸ்டார்ட் பண்ணிக்கினு இருக்கோம்" என்றாள் செங்கம்மா. ஹாலே சிரித்தது.

பதினொரு பேர் தேறினார்கள். மையம் ஊரிலேயே நின்றது. தேறாத மூன்று பேரும் அடுத்த பரீட்சைக்கு இப்போதே தொண்டையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். செங்கம்மா தனியாகத் திருப்பதிக்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு, புத்தூர் பஸ்ஸிலேயே திரும்பினாள்.

போன வாரம் ஸ்ரீதேவி மேடம் மறுபடி வந்தார். தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற மற்ற மையங்களுக்கும் இந்த இன்ஜின் பாடத்தை அனுப்பப் போகிறாராம். "மேல உங்க பேரு போட்டிருக்கேன். சரியான்னு பாருங்க" என்று தெலுங்கில் எழுதிய தாளை நீட்டினார்.

எத்திராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையில் கை வைத்து, தன் பெயரைத் தானே மெதுவாகச் சொன்னார்.

"த்தி, ஆஃப். ஜ, ஓடுது. சரியாத்தான் எழுதிக்கீறீங்க மேடம். போலாம் ரைட்!"