கிளம்பினால் திரும்பக் கூடாது

எங்கள் வீட்டில் வெளியே கிளம்பியவர் பாதியில் திரும்பி வரக் கூடாது. இது என் மனைவி போட்ட சட்டம். அவள் பிறந்த வீட்டுச் சட்டம் என்றும் சொல்லலாம். சீர்வரிசையோடு சேர்ந்து இங்கே வந்துவிட்டது. பர்ஸை மறந்துவிட்டோம், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்தால் தொலைந்தோம். எடுத்துக்கொண்டு அப்படியே ஓடிவிட முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி கிளம்பலாம். பயணம் தடைபட்ட தோஷம் அந்தத் தண்ணீரோடு போய்விடுமாம். நான் மண்ணச்சநல்லூரில் அரிசி வியாபாரம் செய்பவன். மில் வாசலில் லோடு காத்துக்கொண்டிருக்கும், லாரிக்காரர் போன் போட்டுக் கத்துவார், நான் ஸ்ரீரங்கத்தில் ஹால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். சட்டம் அசையவில்லை.

எங்கள் ஒரே மகளும் இந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான். பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸுக்காகத் திரும்பி ஓடி வருவாள். சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, மடக் மடக்கென்று தண்ணீரைக் குடித்துவிட்டு, யூனிபார்மில் பாதியைச் சிந்திக்கொண்டு ஓடுவாள். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்ததும் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள்.

பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பட்டப்படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதி நேரம் வகுப்பறை, பாதி நேரம் ஓடுதளம். வானிலை, இன்ஜின், வழி கண்டுபிடிப்பது என்று பாடங்கள். அதற்கு மேல் வானத்தில் மணிக்கணக்கு சேர்க்க வேண்டும். முதலில் பயிற்சியாளரோடு, பிறகு தனியாக. தனியாக என்ற வார்த்தையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்காதவன். மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டதோடு சரி, ஊரை எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு இப்படி ஒன்று எப்படிப் பிறந்தது என்று என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

சேர்க்கைக்குப் போனபோது அவர்கள் ஓட்டிப் பழகும் விமானத்தைக் காட்டினார்கள். மூக்கில் ஒரே ஒரு விசிறி. இரண்டு பேர் தோளை இடித்துக்கொண்டு உட்காரும் இடம். எங்கள் மில்லின் மினி வேனில் டிரைவருக்கு இதைவிட வசதி அதிகம்.

"இதுலயா போகப் போற?" என்றேன்.

"இதுலதாம்பா. பெரிய பிளேன் ஓட்டுறவங்க எல்லாரும் இந்த மாதிரி ஒண்ணுலதான் ஆரம்பிச்சாங்க."

"பெரிசுலயே ஆரம்பிக்க முடியாதா?"

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அங்கே கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று அவளோடு வீடு வரை வந்தது. கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வந்தால் கீரை வாங்க ஸ்கூட்டரை எடுப்பதற்கும் அதேதான். "பெட்ரோல் இருக்கு. பிரேக் பிடிக்குது. கண்ணாடி சரி. பை இருக்கு." பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். என் மனைவிக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துப்போனது. எதையும் மறக்காதவள் எதற்காகவும் திரும்பி வர வேண்டாம் அல்லவா? அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் அந்தப் படிப்பின் கட்சியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நான் ஒருவன்தான் எதிர்க்கட்சி.

முதன்முதலாகத் தனியாகப் பறந்ததை இறங்கிய பிறகுதான் சொன்னாள். புத்திசாலி. ஆனால் அடுத்ததை மறைக்க முடியவில்லை, ஏனென்றால் அவள் வரப்போவது திருச்சிக்கு. அவர்களுடைய ஓடுதளத்திலிருந்து தனியாகக் கிளம்பி, திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி பறந்து கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். தொழில்முறை விமானியாக வேண்டுமென்றால் இப்படித் தூரம் போய் வந்தாக வேண்டுமாம்.

"காவிரியைப் பிடிச்சுக்கிட்டே வருவேம்பா. முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுறது மேலேருந்து நல்லாத் தெரியும். அங்கேருந்து ராஜகோபுரத்தை இடது பக்கமா வச்சுக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போவேன். உள்ள வந்து என்னைப் பார்க்க விட மாட்டாங்க. மாடியிலேருந்து பார்த்தீங்கன்னா புள்ளியாத் தெரிவேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வந்தா வந்தேன், வரலைன்னா வரலை. யாராச்சும் காத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கஷ்டம்" என்றாள்.

நான் சொல்லவில்லை. என் மனைவியும் யாரிடமும் சொல்லவில்லை, மன்னார்புரத்தில் இருக்கும் அவள் தம்பியைத் தவிர. அவன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். "நம் வீட்டுப் பைலட் நாளை திருச்சி வருகை", பக்கத்தில் நாலு கும்பிடு, ஒரு விமானம்.

புரட்டாசி மாதம். மறுநாள் காலையில் எங்கள் மொட்டைமாடி கல்யாண மண்டபமாகிவிட்டது. கே.கே. நகரிலிருந்து என் தங்கை வீட்டார் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு மேலேயே தினமும் விமானம் தாழப் பறந்துபோகிறது; இருந்தாலும் ஆற்றைத் தாண்டி இங்கே வந்து பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஹாட்பாக்ஸில் கேசரி வந்தது. மச்சினன் ஒரு பெரிய சிவப்புப் போர்வையைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தான்.

"எதுக்கு மாப்ள இது?"

"பாப்பாவுக்கு மேலேருந்து நம்ம வீடு அடையாளம் தெரியணும்ல மச்சான்."

அதையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டான். மகளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது, வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கட்டைவிரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும் முன் போன் செய்தாள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் எடுத்துக்கிட்டியா? எதையும் மறக்கலையே?"

"இல்லம்மா. எல்லாம் இருக்கு."

"கிளம்பிட்டா திரும்பாதடி. நல்லபடியா வந்து சேரு."

"சரிம்மா. போயிட்டு வரேன்."

காலங்காலமாகச் சொல்கிற பேச்சுதான். கோயிலுக்குப் போனாலும் அதுதான், காய்கறிக் கடைக்குப் போனாலும் அதுதான். அந்த நேரத்தில் யாருடைய காதிலும் அது தனியாக விழவில்லை.

மச்சினனின் போனில் பறக்கிற விமானங்களைக் காட்டும் ஆப் ஒன்று இருந்தது. துபாயிலிருந்து வருவது, சிங்கப்பூர் போவது எல்லாம் அதில் மஞ்சள் பொம்மைகளாக நகர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து வடமேற்கில் சின்னதாக ஒன்று முளைத்தது. "பாப்பா!" என்று கத்தினான். எல்லோரும் அவன் தோள்மேல் விழுந்து பார்த்தார்கள். அந்தச் சின்னப் பொம்மை ஆற்றை ஒட்டியே ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு ஊராக அவன் ரன்னிங் கமென்ட்ரி கொடுத்தான். தொட்டியம் தாண்டிவிட்டது என்றான். என் தங்கை கைதட்டினாள்.

அதற்குப் பிறகு பொம்மை நின்றது. பிறகு காணவில்லை.

மச்சினன் ஆப்பை மூடித் திறந்தான். போனையே அணைத்துப் போட்டான். துபாய் இருந்தது, சிங்கப்பூர் இருந்தது, என் மகள் இல்லை.

"சிக்னலா இருக்கும் மச்சான். தாழப் பறந்தா இதுல காட்டாது."

"இவ்வளவு நேரம் காட்டுச்சே?"

அவன் திரையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் மேற்கே பார்த்தேன். கோபுரத்துக்குப் பின்னால் வானம் நல்ல நீலமாகத்தான் இருந்தது. கொள்ளிடத்தின் மேல்பக்கம், தூரத்தில், கன்னங்கரேலென்று கிடந்தது. அவள் கிளம்பும்போது அப்படி இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. கேசரி பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

முசிறி ரோட்டில் எங்கள் லோடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"முசிறியில கொட்டுதுங்க முதலாளி. முன்னாடி போற வண்டி தெரியலை. ஓரங்கட்டிட்டு நிக்கிறேன். நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, தார்ப்பாய் இழுத்துக் கட்டிட்டேன், நீங்க பயப்படாதீங்க."

நெல்லைப் பற்றி எவன் கேட்டான்? போனை வைத்துவிட்டேன். பயமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அழகுபடுத்த அதில் ஒன்றும் இல்லை. பெரிய லாரியையே ஓரங்கட்டுகிற மழையில் அந்த ஒற்றை விசிறி என்ன செய்யும்? கல்லூரி அலுவலகத்துக்கு அடித்தேன், பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. யாரிடம் அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மனது ஓடத் தொடங்கியது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அப்போது தலைக்கு மேல் ஒரு சத்தம். எல்லோரும் அண்ணாந்தார்கள். யாரோ கையைக்கூட ஆட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய விமானம். சக்கரங்களை நீட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ஏர்போர்ட் பக்கம் போனது. அதன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அதன் பிறகு ஹாட்பாக்ஸை யாரும் திறக்கவில்லை. காற்று கிளம்பிப் போர்வையின் ஒரு மூலை செங்கல்லோடு இழுபட்டது. மச்சினன் ஓடிப்போய் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான். நின்றவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் மனைவி என் பக்கத்தில் வந்தாள். கைப்பிடிச் சுவரை ஒட்டி நான் நின்றுகொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னங்க, அந்தப் பக்கம் மழையா?"

"லேசா இருக்கும்போல."

அவள் அந்தக் கருமேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நான்தானே சொன்னேன், திரும்பாதேன்னு."

"அவ என்னைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கா?" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இருவருக்கும் உண்மை தெரியும். படிப்பு விஷயத்தில் கேட்டதில்லை, முடி வெட்டிக்கொண்டதில் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், வேன் ஹாரன் அடித்தாலும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள் அவள். அம்மா திரும்பாதே என்று சொல்லியிருக்கிறாள், ஊரே மாடியில் போர்வை விரித்து நிற்கிறது, எதிரே மழை. அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நேரே ஓட்டிக்கொண்டு வருமா? என் மனைவியின் கை என் சட்டைக் கையைப் பிடித்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. அவள் போன் அடித்தது. எடுப்பதற்குள் ஒரு முறை கீழே போட்டாள். ஸ்பீக்கர் தானாகவே வந்துவிட்டதா, அவள் போட்டாளா, தெரியவில்லை. மாடி முழுக்கக் கேட்டது.

"அம்மா, நான்தான்."

"எங்கடி இருக்க?"

"காலேஜ்லதாம்மா. பாதியில திரும்பிட்டேன்."

என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மனைவி அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முசிறிகிட்ட எதிர்ல ஒரே மேகம்மா. கீழ ஆறு மறைஞ்சிருச்சு. ஆறு தெரியலைன்னா திரும்பிடணும், அதுதான் பாடம். ஆனா எல்லாரும் மாடியில நிக்கிறீங்கன்னு நெனப்பு வந்துச்சு. நீ வேற திரும்பாதேன்னு சொன்னியா... இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்னு போனேன்மா. கொஞ்ச தூரம் போயிட்டேன்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்புறம் திருப்பிட்டேன். கோவமா?"

அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. போர்வையின்மேல் நின்றுகொண்டிருந்த மச்சினன் மெதுவாகக் காலை எடுத்தான்.

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இறங்கினதும் உக்காந்தியா?"

"உக்காந்தேம்மா. பிளேன் றெக்கைக்குக் கீழயே உக்காந்துட்டேன். தண்ணியும் குடிச்சுட்டேன். அப்புறம்தான் போனை எடுத்தேன்."

"அப்ப சரி" என்றாள் என் மனைவி. "இனிமே எப்ப வேணும்னாலும் திரும்பிக்கோ. தண்ணி மட்டும் குடிச்சுடு."

போன் ஓய்ந்ததும் அவள் அந்தச் சிவப்புப் போர்வையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே போய் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.