ஃபாக் லைட்டும் ஏழரை மணி முகூர்த்தமும்

மின்சாரத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம். தம்பிக்குப் படவேட்டில் கோயில் கல்யாணம். திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். ஏழரைக்கு ராகு காலம் வந்துவிடும். தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. தறியில் உட்காரும் மாப்பிள்ளை வேண்டாம் என்று மூன்று இடங்கள் தட்டிப்போய், நான்காவதாக அமைந்த பெண். அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நிச்சயத்துக்கு நாங்கள் இருபது நிமிஷம் தாமதமாகப் போனதைச் சாப்பாடு முடிவதற்குள் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். "முகூர்த்தம் தவறினா அந்தக் கல்யாணமே வேணாங்க" என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

வீட்டார் எல்லோரும் முதல்நாள் சாயங்காலமே பஸ்ஸில் போய்விட்டார்கள். மாப்பிள்ளையை மட்டும் நான் விடவில்லை. பட்டு நூலும் புடவையும் ஏற்றிப்போக ஒரு பழைய வேன் வைத்திருந்தேன். அதன் முன்னால் அந்த மாதம்தான் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட் பூட்டியிருந்தேன். பனி விளக்கு வாங்கிவிட்டுப் பனியில் போகாமலிருக்க எனக்கு மனசு வரவில்லை. விடியற்காலை நான், தம்பி, துணைக்கு அக்கா புருஷனான மாமா என மூன்று பேர் கிளம்புவதாக ஏற்பாடு.

முதல்நாள் மத்தியானம் போட்டுப் பார்த்தபோது விளக்கு எரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வயரிங் கடைக்காரரிடம் ஓட்டிப்போனேன். "ரிலே போய்ட்ச்சின்னு நெனைக்கிறேன்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. பல்பைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தார், எரிந்தது. சுவிட்சைப் போடச் சொல்லி, விளக்குக்குக் கரண்டு விடும் ரிலேப் பெட்டியில் கை வைத்தார், டிக்கென்றது. பிறகு பம்பருக்கு அடியில் படுத்தார்.

"சார், எர்த்து எங்க குடுத்துக்கீறாங்க பாருங்க. பெயிண்டு மேல. கரண்டு எப்டி பாயும்?"

விளக்கைத் தாங்கும் இரும்புப் பட்டையில் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி, எர்த் வயரை முறுக்கினார். பக்கத்தில் உரசித் தேய்ந்திருந்த கரண்டு வயரையும் வெட்டி ஒட்டுப்போட்டு டேப் சுற்றினார். இரண்டு விளக்கும் எரிந்தன. மூன்று ஃபியூஸ் உபரியாகக் கொடுத்துவிட்டு, "இனிமே நீங்க எதுவும் கை வைக்காதீங்க சார்" என்றார். என்னை அதற்கு முன் அவர் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சந்தவாசல் தாண்டும்வரை மஞ்சள் வெளிச்சம் சாலையைத் தரையோடு தரையாகக் காட்டிக்கொண்டே வந்தது. நான் வெளிச்சத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். விளக்கு அணைந்தது.

ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே பனி வெள்ளைச் சுவராக நின்றது. வண்டியை ஓரங்கட்டினேன். ஃபியூஸ் எரிந்திருந்தது. புதிதைச் செருகி சுவிட்சைப் போட்டேன். அந்த நொடியே போனது. ரிலேதான் என்று எனக்கு மறுபடி தோன்றியது. அதை இரண்டு தட்டு தட்டிவிட்டு இரண்டாவதைச் செருகினேன். அதுவும் போனது. எதிர்ப்பக்கம் ஒரு நெல் லாரி முக்கிக்கொண்டு வந்து, எங்களைக் கடந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மணி ஆறு இருபது.

"இன்னும் எத்தினி ஃபியூஸ் கீது?" என்றார் பின்சீட்டிலிருந்து மாமா.

"ஒண்ணு."

"அதையும் எரிச்சிட்டா நிம்மதி. மாப்பிள்ளைய நடத்தியே கூட்டிகினு பூடலாம்."

தம்பி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். "சுவிட்சத் தொடாதண்ணா" என்று மட்டும் சொன்னான். பனியில் நனைந்த பம்பருக்குக் கீழே கையை விட்டு, தறிப் பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவனைப் போல, கண்ணை மூடிக்கொண்டு வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இன்னாண்ணா இது, ஜரிகை சுத்திகினு கீது?"

சொல்லாமல் தப்ப வழியில்லை. முதல்நாள் சாயங்காலம், ஒட்டுப்போட்ட வயர் தொங்கியது என் கண்ணை உறுத்தியது. எங்கள் வீட்டில் எது தொங்கினாலும் கையில் அகப்பட்ட மிச்ச நூலால் கட்டுவதுதான் வழக்கம். அன்று அகப்பட்டது மணப்பெண் புடவைக்கு நெய்து மீந்த ஜரிகை. மங்களமாகவும் இருக்கட்டும் என்று, வயரை இரும்புப் பட்டையோடு சேர்த்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, தறிக்காரன் முடிச்சாக இறுக்கியிருந்தேன். ஜரிகையில் இருக்கிற வெள்ளிக் கம்பி பளபளக்கும் என்று தெரிந்த எனக்கு அதில் கரண்டும் பாயும் என்பது அப்போது நினைவில்லை. வண்டி குலுங்கியதில் ஜரிகை டேப்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. வயரிலிருந்து நேரே சுரண்டிய இரும்புக்கு வழி போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"அசல் ஜரிகையா?" என்று கேட்டார் மாமா.

"அசல்தான்."

"டூப்ளிகேட்டு பிளாஸ்டிக்கா இருந்தா தப்பிச்சிருப்போம்."

மாமாவின் பாக்குவெட்டியால் தம்பி அதை நறுக்கினான். அவனுடைய புதுச்சட்டை வந்த பாலிதீன் கவரைக் கிழித்து ஒட்டின்மேல் சுற்றிக் கட்டினான். கடைசி ஃபியூஸை அவனே செருகினான். சுவிட்சைப் போடச் சொன்னான். நான் போடவில்லை. மாமா பின்னாலிருந்து எட்டிப் போட்டார். எரிந்தது.

பாக்கி தூரத்தை நான் யாருக்கும் எதையும் விளக்காமல் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்தையும் ஊர்ந்தே கடந்தேன்.

கோயில் வாசலில் தலைமையாசிரியர் சம்பந்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஏழு பதினெட்டு. எங்களைத் திட்டுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. கை கழுவத் தண்ணீர் கேட்ட தம்பியை அப்படியே தோளைப் பிடித்து மணையில் தள்ளினார். மேளம் கொட்டியது. மஞ்சள் கயிற்றின்மேலும் பெண்ணின் பிடரியிலும் கரி விரல் தடங்கள் பதிய, என் தம்பி மூன்று முடிச்சும் போட்டான். நல்ல முடிச்சுகள்.

பெண் தலைநிமிர்ந்து அவன் விரல்களைப் பார்த்தாள்.

"வண்டி நின்னுட்ச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

"லைட்டு போய்ட்ச்சி."

"எப்டி?"

தம்பி என்னைப் பார்த்தான். பக்கத்திலேயே சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பனி" என்றான்.

சம்பந்தி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டார் சொன்னதாகச் சொல்லி, இந்தச் சாலையில் பனி இவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே யோசித்து விளக்கு வாங்கிய மனிதர் நான்தானா என்று மரியாதையாக விசாரித்தார். நான்தான் என்றேன். மாமா வெற்றிலை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.