நூர்ஜானுக்குக் கிடைத்த சொல்

ஜெலுத்தோங் என்ற ஊரிலிருந்து வந்த நூர்ஜானுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். 1931இல் மிஸ் ஹாலோவே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை பக்கவாதத்தில் படுத்தார். எங்கள் இருவரையும் வேலைக்கு வைத்து, ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். அந்த வேலை எனக்குத்தான் என்று இருந்தேன். துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் கை. நூர்ஜான் முக்காலியில் உட்கார்ந்து, மிஸ் குழறிக் குழறிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“என்னடி, நாள் முழுக்கக் கதையா?” என்றேன்.

“கதை அவங்களோடது, அக்கா. நான் காது மட்டும்தான்லா.”

ஒருநாள் மிஸ் அவளைக் காட்டி, “இவள்தான் ஹார்க்கன் செய்கிறவள்” என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அர்த்தம் கேட்டேன்.

“ஆயிரம் வருடத்துக்கு முந்திய இங்கிலீஷ். ஹியருக்குச் சொந்தக்காரச் சொல்தான். ஹியர் என்றால் சத்தம் காதில் விழுவது. ஹார்க்கன் என்றால் மனசு வைத்துக் கேட்பது. இப்போது வேதப்புத்தகத்தில்தான் இருக்கிறது.”

“தமிழில் செவிமடுப்பது என்போம்” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

மிஸ் சிரித்தார். வேலையை நூர்ஜானுக்கே கொடுத்தார். மிஸ் இறக்கும்வரை அவள் அந்த வீட்டில் இருந்தாள். பிறகும் ஜெலுத்தோங்கில் நோயாளி வீடுகளில் எல்லாம் அவளைத்தான் தேடினார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மிஸ்ஸுக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.